மிளகு முதலாளி வாங்கிய ஃபோட்டோ பிரிண்டர்

கண்டி நகரத்தில் பன்னிரண்டு வருடமாகப் பிரிண்டர் விற்கிறேன். வருகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பதை முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. பிள்ளையின் பாடசாலை வேலைக்கு என்றால் மை எத்தனை நாள் வரும் என்று கேட்பார்கள். கடைக்கு என்றால் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பார்கள். ஒன்றுமே கேட்காமல் பெட்டியின் நிறத்தைப் பார்க்கிறவர் யாருக்கோ பரிசு கொடுக்கப் போகிறவர். ஸெய்னுலாப்தீன் நானா இதில் எதிலும் சேரவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "புள்ள, இது பழுதாப் போனா யாரு தெறந்து பாக்கிற?" என்பது.

நானா என்றால் அண்ணன். முஸ்லிம் ஆண்களை இங்கே நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு வயது அறுபத்து நான்கு. கலகெதரவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். வெள்ளைச் சட்டை, சாரம், தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து மிளகுமணி. பத்தொன்பது வயதில் சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு வீட்டுத் தோட்டங்களில் மிளகு சேர்க்கப் புறப்பட்டவர், இன்றைக்கும் ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் ஒரு கிலோவும் வாங்கமாட்டார். மிதப்பது பதர், அமிழ்வது சரக்கு. அந்த வழக்கத்தை எங்கள் கடைக்கும் கொண்டுவருவார் என்று நான் எங்கே கண்டேன்?

நடந்தது இதுதான். அவருடைய மனைவி ஸுலைஹாவுக்கு மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, அடுத்தது மருந்தேற்ற வேண்டும். அந்த மருந்தில் தலைமுடி முழுக்கக் கொட்டிவிடும் என்று டொக்டர் சொன்னார். முடியோடு இருக்கும் என் படம் கடதாசியில் என் கைக்கு வராமல் நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். படத்தை மகள் அஸீமா வீட்டிலேயே எடுத்துவிட்டாள். ஆனால் அந்நிய ஆண் எவருடைய கண்ணிலும் படாத தலைமுடி அது. ஸ்டூடியோவில் கொடுத்து அடிக்க முடியாது. ஆகவே வீட்டிலேயே அடிக்க ஒரு மெஷின் வேண்டும். முதல் திகதி ஒன்று ஏற்கெனவே தவறிவிட்டது. அடுத்த திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. இனியும் தள்ளிப்போட்டால் நல்லதில்லை என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் மூன்றாவது தடவை வந்தபோதுதான். முதல் இரண்டு தடவையும் அவரைப் பற்றி நான் நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படம் ஃபோனிலிருந்து வேறு எங்கேயாவது போகுமா, மெஷினைப் பூட்டிவைக்கலாமா, திருத்துகிறவர் வீட்டுக்கு வரத்தான் வேண்டுமா என்று ஒரு பெரிய மனிதர் குரலைத் தாழ்த்திக் கேட்டால் என்ன நினைப்பது? கிழவருக்கு இந்த வயதில் என்ன கேடு என்றுதான் நினைத்தேன். எங்கள் கடையில் மெஷின் திருத்தும் கிருஷ்ணராஜ் என் காதில் வந்து, "அக்கா, நானா பெரிய ஆளுதான் போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இரண்டாவது தடவை வந்தவர், "சரக்கக் காட்டுங்கோ" என்றார்.

மூன்று விதமான மெஷினிலும் கடையின் மாதிரிப் படம் ஒன்றை அடித்துக் காட்டினேன். ஒரு சின்னப் பிள்ளை பலூனோடு நிற்கும் படம். லேசர் மெஷினின் படத்தை அவர் ஒரு பார்வையில் ஒதுக்கினார். "புள்ளட மொகம் களிமண் மாதிரி ஈக்குது." மை ஊற்றும் டாங்கிப் பிரிண்டரின் படம் அழகாக வந்தது. அதை விற்றுவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போது அவர் தண்ணீர் கேட்டார். தாகம் போல என்று ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தேன். அவர் குடிக்கவில்லை. மூன்று படத்தையும் சுருட்டி உள்ளே போட்டார்.

கிருஷ்ணராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். டாங்கிப் படத்தின் பலூன் கரைந்து தண்ணீர் சிவந்தது. மூன்றாவது படம், ரிப்பனில் அடிக்கும் சின்ன மெஷினுடையது, அப்படியே இருந்தது. வெளியே எடுத்து ஒரு உதறு உதறிச் சாரத்தில் துடைத்தார். பிள்ளை பலூனோடு சிரித்தது.

"படத்த யாரு நானா தண்ணியில போடப் போறாங்க?" என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

"கண்ணீரும் தண்ணிதானே புள்ள" என்றார்.

ரிப்பன் மெஷினைப் பற்றி விளக்கினேன். அஞ்சலட்டை அளவுக்கு மேல் அடிக்காது. கடிதம், விண்ணப்பம் எதுவும் அதில் எடுக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் மை காயாது, ஏனென்றால் மையே இல்லை. ஒரு கூட்டுக்குள் மஞ்சள், சிவப்பு, நீலம் பூசிய ரிப்பன் ஒன்று சுருண்டிருக்கும். அதிலிருந்து சூட்டினால் நிறம் கடதாசிக்கு ஏறும். ஃபோன்கூடத் தேவையில்லை, மெமரி கார்டைச் சொருகினால் போதும். கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்று போய்விட்டார்.

மூன்றாவது தடவை வந்தது வியாழக்கிழமை. அன்றைக்குக் கிருஷ்ணராஜ் சாப்பிடப் போகும்வரை கதிரையில் காத்திருந்து, பிறகு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் பெயரைச் சொல்லவில்லை, அஸீமாட உம்மா என்றே சொன்னார். கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடம். அந்த அம்மாவின் படமென்று வீட்டில் இருப்பது அடையாள அட்டையில் உள்ளது மட்டும்தான், அதுவும் முக்காட்டோடு. "மிச்சம் நீளமான முடி, இடுப்புக்கும் கீழ. தேங்காண்ணெய் நான்தான் ஆட்டிக்கொண்டு வந்து கொடுக்கிற, கடை எண்ணெ போடமாட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிரித்தோமே என்று இருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டார். "அடிச்ச படம் மெஷினுக்குள்ள எங்கயாவது தங்குமா?"

"ஒன்னும் தங்காது நானா. கார்டக் கழட்டிட்டீங்கன்னா அதுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது."

"நீங்க சொன்னாச் சரி" என்று மெஷினையும் ஒரு பொதி கடதாசி ரிப்பனையும் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு என்னால் ஒரு நல்ல காரியம் ஆயிற்று என்று அன்று அம்பிட்டிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வியாழன் மாலையே அஸீமா பதினெட்டுப் படம் அடித்துக் கொடுத்துவிட்டு மாத்தளையில் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் ஸுலைஹா கேட்ட ஒரு படம் இன்னும் வரவில்லை. முதுகுப் பக்கமாக எடுத்தது, முடி முழு நீளத்துக்கும் தெரிவது. முதல் ரிப்பன் தீர்ந்துவிட்டதால் புது ரிப்பனைப் போட்டு அதை அடிக்கப் பார்த்திருக்கிறார், மெஷின் கடதாசியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. "அது வந்தாத்தான் செவ்வாக்கெழம வருவேங்கிறா. மெஷினத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஏலாது. உள்ள பாதிப்படம் ஈக்குது. கோவிச்சுக்காம நீங்க ஒருக்கா வருவீங்களா புள்ள?"

அன்றைக்கே கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிக் கலகெதரவுக்குப் போய் இறங்கினேன். மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. வேலிக்கு மேலாக ஒரு ரம்புட்டான் மரம் பழத்தோடு ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. கிளைகளில் கைநீளக் கைநீளமாகப் பளபளவென்று நாடாக்கள் தொங்கின, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று. காற்றில் அவை திரும்பித் திரும்பி மின்னுவதை ரசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஸுலைஹா மெலிந்த பெண். சாம்பல் நிற முக்காடு, தெளிவான கண். அவரை ராத்தா என்று கூப்பிட்டேன், நானாவுக்குச் சரியான அக்கா முறை அது. தேத்தண்ணீரும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்து வைத்தார். நானாவை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் அவரே போய் வாசலில் நின்றுகொண்டார். கடதாசியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். சரிசெய்து கொடுத்தேன்.

ரிப்பன் மெஷின் ஒரே தடவையில் அடித்து முடிக்காது. கடதாசி நாலு தடவை வெளியே வந்து உள்ளே போகும். முதலில் வெறும் மஞ்சளாக ஒரு முதுகு வந்தது. உள்ளே போய்ச் சிவப்பையும் பூசிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை நீலம் ஏறியதும் கருகருவென்று முடி இடுப்புக்குக் கீழே இறங்கி நின்றது. கடைசியில் அதன்மேல் ஒரு பளபளப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க பாருங்கோ. பொம்புளதானே" என்றார் ஸுலைஹா. படத்தை மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. கொஞ்ச நேரம் விரலால் அந்த முடியின் நீளத்தை மேலிருந்து கீழே தடவினார்.

செவ்வாய்க்கிழமை போவீர்களா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கை சும்மா இராமல் ரிப்பன் கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தது. அடித்து முடித்த இடத்தில் ரிப்பனில் அந்த முதுகு இருந்தது. நிறம் போன இடம் வெளுப்பாக, போகாத இடம் அடர்த்தியாக, வரி பிசகாமல் இருந்தது.

இந்த மெஷினை விற்கப் பழக்கிய வகுப்பில் இதைச் சொல்லித்தந்தார்கள். பயன்படுத்திய ரிப்பனில் படத்தின் அச்சு இருக்கும், அதை வெட்டிப் போடச் சொல்லுங்கள் என்று. மெமரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஒன்றும் தங்காது என்று அடித்துச் சொன்னவள் நான்.

மெல்ல வாசலுக்குப் போனேன். "நானா, முதல் ரிப்பன் எங்க?"

"மரத்துல" என்றார் சந்தோஷமாக. "பழத்த கிளி விடுதில்ல. நல்ல மின்னுற சாமான், வீசுறதுக்கு மனமில்ல. கூட்ட ஒடச்சு, துண்டு துண்டா வெட்டி ஜும்மாவுக்குப் பொறகு ஏறிக் கட்டினேன். வெள்ளிக்கெழமையில இருந்து ஒரு கிளி வரல்லையே!"

மிளகுத் தோலைக்கூட உரத்துக்குச் சேர்த்துவைக்கும் மனிதர். ரிப்பனையா எறிவார்? நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று. பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். ஏணியை எடுக்க ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடந்தது.

நாடாக்களை அறுத்து அறுத்துக் கீழே போட்டார், நான் பொறுக்கிச் சுருட்டினேன். ஒவ்வொன்றிலும் ஸுலைஹா. மஞ்சள் ஸுலைஹா, சிவப்பு ஸுலைஹா, சிரிக்கிற ஸுலைஹா, தலை சீவுகிற ஸுலைஹா. பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. எங்கள் சத்தத்துக்கு ஸுலைஹா வெளியே வந்துவிட்டார்.

"அஸீமாட வாப்பா, என்ன செய்ற?"

கால் அருகே கிடந்த நாடா ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்: "தப்பு என்னோடது ராத்தா. ரிப்பன்ல படம் நிக்கும்னு நான்தான் நானாகிட்ட சொல்ல மறந்துட்டேன். ரோட்டுல இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது. கிட்ட வச்சு வெளிச்சத்துல புடிச்சாத்தான் தெரியும்."

"நீங்க அண்டைக்கும் ஒண்டும் தங்காதுண்டுதானே சொன்ன" என்றார். கோபமாகக்கூட இல்லை.

பிறகு கணவரிடம் கேட்டார். "எத்தின நாளா?"

"வெள்ளிக்கெழமையில இருந்து."

"ரோட்டுப் பக்கமுமா?"

"ரோட்டுப் பக்கம்தான் பழம் கூட" என்றார் நானா ஏணியில் நின்றபடி. பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் என்னத்தைச் சொல்வது!

ஸுலைஹா முக்காட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. செவ்வாய்க்கிழமை கெட்டது என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் உயிர் என் கவனக்குறைவில் தொங்கியது. ஒரு பிரிண்டரை விற்று ஒருவரைக் கொல்ல முடியுமென்றால் நான் அதைச் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

நானா கடைசி நாடாவையும் அறுத்துவிட்டு இறங்கி ஏணியடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொப்பி கழன்று புல்லில் விழுந்தது. எடுக்கவில்லை. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகவே அழுதார், அடிபட்ட சின்னப் பிள்ளை அழுவதைப் போல. "அவட மானத்தக் கொண்டுபோய் மரத்துல கட்டினேனே. இனி வரமாட்டாளே. வரமாட்டாளே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கிட்டப் போகவும் தெரியவில்லை, விட்டுப் போகவும் மனமில்லை.

கதவு திறந்தது. ஸுலைஹா படியிறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் புல்லில் கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

"நீங்க அழுவீங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்வி அது. "டொக்டர் சொன்ன நேரம் அழல்ல. ஒப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோற நேரம் பிஸ்கட் வாங்கப் போன. வந்தும் மெஷின், மெஷின், மெஷின் எண்டுதான் நிண்ட. ஒங்களுக்கு ஒரு பயமும் இல்லயாக்கும் எண்டு நெனச்சன்."

"பயமில்லாம?" என்றார் நானா. "நீ இல்லாட்டி எனக்கு யாரு ஈக்கிற?"

முப்பத்தாறு வருடத்தில் அதை அவர் முதல் தடவையாகச் சொல்கிறார் என்பதை ஸுலைஹாவின் முகமே சொன்னது. அவரும் புல்லில் உட்கார்ந்தார். என்னையும் பார்த்துத்தான் பேசினார். "படத்துக்காக இல்ல புள்ள. பயம். ஒரு படம் வந்தா அடுத்தது கேப்பன், அது வந்தா இன்னொண்டு. இவருக்குப் பயமில்ல, எனக்கு மட்டும்தான் பயமெண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு. தனியப் பயப்படுறது மிச்சம் கஷ்டம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாடாக்கள் நழுவாமல் இருக்க இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அவற்றையும் புது ரிப்பனில் அடித்த துண்டையும் குசினிக்குப் பின்னால் கல்லடுப்பில் போட்டு ஸுலைஹாவே கொளுத்தினார். பிளாஸ்டிக் நாற்றத்துக்கு மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற யாரோ, என்ன நானா எரிக்கிறீர்கள் என்று கேட்டார். குப்பை, குப்பை என்று நானா அவசரமாகக் கத்தினார். ஸுலைஹா வாயைப் பொத்தியபடியே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நெருப்பு அடங்கும்வரை தள்ளிப் போகாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு ஸுலைஹா, முகத்தைத் திருப்பாமலே, சந்தைக்குப் போகிற விஷயத்தைக் கேட்பதைப் போலக் கேட்டார்.

"செவ்வாக்கெழம எத்தின மணிக்கு நாங்க அங்க நிக்கணும்?"

நானா ஏழு விரலை விரித்துக் காட்டினார்.

"அப்ப ஆறு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றார் ஸுலைஹா. "சுபஹு தொழுதிட்டு நேர வெளிக்கிடுவோம். நீங்க பிஸ்கட் வாங்க எங்கயும் போக வாணாம். எனக்குப் பக்கத்திலேயே ஈங்கோ."